சிவப்புக் கரை வைத்த நான்கு பைகள்

மே 16, செவ்வாய்

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் ஓட்டிய மினிபஸ்ஸின் பின்கண்ணாடியில் நகைக்கடை விளம்பரம் ஒட்டியிருக்கும். அதற்காக டிரைவருக்கு வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள். இந்த வருஷம் தாமதமாக வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். தை மாதம், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தாராம். கிளாஸ் மட்டும் உடையவில்லை என்று டீக்கடைக்காரர் இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாளைக் கிழித்துத் தையல் மிஷின் எண்ணெய் துடைக்கலாம் என்று பார்த்தேன். வழவழப்பான தாள், எண்ணெயை உறிஞ்சவில்லை. சரி, எழுதுவோம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் பெயர் ஆவுடைத்தாய். அதை எழுதி முடித்தால் பாதி வரி போய்விடுகிறது.

எழுத விஷயமும் இருக்கிறது. நகராட்சியிலிருந்து ஜெபராணி மேடம் வந்தார். சுகாதார ஆய்வாளர். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசுகிறவர்.

"ஜூன் அஞ்சு உலகச் சுற்றுச்சூழல் தினம்மா. ஐந்நூறு மஞ்சப்பை வேணும். துணி நாங்க தர்றோம். தச்சுத் தருவீங்களா?"

"அன்னைக்கு என்ன செய்வாவ மேடம்?"

"பாலிதீன் வேண்டாம்னு சொல்லுவோம். மரம் நடுவோம். உறுதிமொழி எடுப்போம்."

"மறுநா?"

"மறுநாள் செவ்வாய்க்கிழமைம்மா. ஆபீஸ் உண்டு."

ஒத்துக்கொண்டேன். நாலு மாதமாக மிஷின் மூடிக் கிடந்தது. உறையை எடுத்தால் பாபின் பெட்டிக்குள் பல்லி முட்டை.

மே 17, புதன்

மஞ்சள் காடாத்துணி மூட்டையாக வந்து இறங்கியது. வீட்டுக்குள் நடக்க இடமில்லை.

உலகம்மாவைக் கூப்பிட்டேன். அவருடைய தங்கச்சி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவள் இங்கே பீடி சுற்றுகிறாள். பீடி இலையைத் தகடு வைத்து வெட்டுவதால் அது மட்டும் நேராக வரும். துணியைக் கொடுத்தால் ஆறு ஓடின மாதிரி வளைந்து வளைந்து வெட்டுவாள். அதனால் வெட்டுவது நான், கைப்பிடி வைத்துத் தைப்பது அவள் என்று பேசிக்கொண்டோம்.

"உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு உலகம்மா தைக்கேன். பேப்பர்ல போடச் சொல்லுங்க மதினி."

அண்ணன் மாதிரியே பேச்சு.

மே 20, சனி

அறுபது பை.

துக்கம் கேட்க இன்னும் ஆள் வருகிறது. இன்று மூன்று பேர். வந்ததும் என் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் அழவில்லை என்பது இந்தத் தெருவுக்குப் பெரிய குறை. பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் சொல்லியே விட்டாள்.

"ஒரு தரம் வாய்விட்டு அழுதுரு ஆவுடை. உள்ள வச்சிருந்தா சீக்கு வந்துரும்."

"அழுத பெறவு சொல்லி அனுப்புதேன்க்கா" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியும் சாயந்தரம் குழம்பு கொடுத்துவிட்டாள். நல்ல குழம்பு.

மே 24, புதன்

நூற்றெண்பது. ஊசி இரண்டு உடைந்தது.

மே 31, புதன்

வெயில் கொல்கிறது. பள்ளிக்கூடம் திறப்பதையே தள்ளி வைத்துவிட்டார்கள். சாரல் எப்போது வருமோ.

முந்நூற்று எழுபது பை. கட்டில், பெஞ்சு, அரிசிப் பானை மூடி எல்லாம் மஞ்சள். உலகம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஊரே பூக்குழி எறங்கப் போற மாதிரி இருக்கு மதினி" என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிஷினை மிதித்தேன்.

அவர் பதினோரு வருஷம் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்கி நெருப்பு மிதித்தார். ஆடி மாதம் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, விரதம் இருப்பார். விரதம் என்றால் பெரிய விரதம் ஒன்றுமில்லை, பீடியை மட்டும் விடுவார். எல்லா வருஷமும் அதே நாலு முழ வேட்டிதான். ஓரத்தில் அரை விரல் அகலச் சிவப்புக் கரை. சோப்புப் போடக்கூடாது என்பார். அது தகரப்பெட்டியில் இருக்கிறது. பெட்டியை நான் அடிக்கடி திறப்பதில்லை. எப்போதாவது திறப்பேன்.

இன்று காலையில் திறந்தேன். நேற்றும்.

ஜூன் 2, வெள்ளி

சிரிப்பாக வருகிறது. ஜெபராணி மேடம் ஒரு பெட்டி நிறையப் பாலிதீன் கவர் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒவ்வொரு பையையும் மடிச்சு இதுக்குள்ள போட்டுக் குடுத்துருங்கம்மா. தூசி படாம இருக்கும். பெரியவங்க கையால கொடுக்கிறது."

"பாலிதீன் வேண்டாம்னு சொல்லுத பைக்குப் பாலிதீன் உறையா மேடம்?"

"அன்னைக்கு ஒரு நாள்தானம்மா."

"ஒரு நா விசேசமே அதுக்குத்தான?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா? மேலருந்து சொல்றாங்க. போட்டுருங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாவம், அவரும் என்ன செய்வார்.

"மேடை பேனர் மிச்சமானா எங்களுக்குத் தாங்க, மாடியில ஒழுகுது" என்று உலகம்மா பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூன் 4, ஞாயிறு

நானூற்றுத் தொண்ணூற்றாறு பையில் துணி தீர்ந்துவிட்டது. மூட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். நாலு குறைகிறது. ஜவுளிக்கடை ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. மேடத்துக்குப் போன் போட்டால், "ஐந்நூறுன்னு அழைப்பிதழ்லயே அடிச்சாச்சும்மா" என்கிறார்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு ஐந்நூறும் முடிந்தது. எல்லாவற்றையும் கவருக்குள் போட்டுச் சாக்கில் கட்டி, நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டோம்.

உலகம்மா போகும்போது, "மதினி, நல்லா இருக்கீயல்லா?" என்றாள். எனக்கென்ன.

இதற்கு மேல் எழுத வரவில்லை. நாளெல்லாம் கத்திரி பிடித்த கை.

ஜூன் 5, திங்கள்

விடிந்ததும் உழவர் சந்தைக்குப் போய்விட்டேன். விழா அங்கேதான், பத்து மணிக்கு. சாக்கிலிருந்து ஒரு நாலு பையை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் ஐந்நூறும் ஒரே மாதிரி மடித்து, ஒரே மாதிரி கவருக்குள். வெளியே கரை தெரியவில்லை. முப்பது, நாற்பது பிரித்திருப்பேன். காவலுக்கு நின்றவர் விரட்டிவிட்டார்.

"எம்மா, நேத்துத் தச்சுக் குடுத்துட்டு இன்னைக்கு நீங்களே களவெடுக்க வந்தீயளா?"

விழா நன்றாகவே நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, உறுதிமொழி. "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று சொல்லச் சொன்னார்கள், எல்லோரும் கையை நீட்டிச் சொன்னோம். வேப்பங்கன்று ஒன்று நட்டார்கள். நகராட்சித் தலைவர் மண்ணை ஒரு கைப்பிடி போட்டார். மீதியைப் போட்டு மூடியவர்கள் அதற்கென்றே நின்ற இரண்டு பெண்கள்.

பிறகு பை கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கவரைக் கிழித்து அங்கேயே போட்டார்கள். கவர் காற்றில் கிளம்பிப் பந்தல் முழுக்கப் பறந்தது, புதுக் கன்றின் மேலும் இரண்டு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குள் ஒரு கையில் சிவப்புக் கரை தெரிந்தது. ஓடினேன். வாசல் பக்கம் இன்னொன்று தெரிந்தது. இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று நிற்பதற்குள் இரண்டும் போய்விட்டது.

ஜூன் 6, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன். உலகம்மா அவருடைய வேட்டியை வெட்டிப் பை தைத்துவிட்டாள். வெயிலில் காயட்டும் என்று நான் கட்டிலில் போட்டிருந்தேன். காடாத்துணி என்று நினைத்து எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். நாலு பை ஊருக்குள் போய்விட்டது.

காலையில் வாசலில் இதைச் சீனியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்ச நூற்கண்டைக் கொடுக்க உலகம்மா வந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கத்தினேன்.

"கண்ணு எங்கட்டி வச்சிருந்த? உங்கண்ணன் வேட்டி உனக்குத் தெரியாதா? அத ஊர்க்காரன் கையில குடுத்துட்டியே மூதி!"

தெருவே வந்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். நூற்கண்டைப் படியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நல்ல அழுகை. மூக்கெல்லாம் ஒழுகியது. சீனியம்மாளுக்கு ஒரே திருப்தி. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "அழு, அழு" என்று முதுகைத் தட்டினாள்.

மத்தியானம் முடிவு செய்தேன். நாலு பையும் இந்த ஊரில்தானே இருக்கிறது. தேடி வாங்கிவிட வேண்டியது. மாற்றிக் கொடுக்கப் புதுத்துணி வாங்கிப் பத்துப் பை தைத்துவைத்தேன்.

ஜூன் 7, புதன்

ஒன்று கிடைத்துவிட்டது!

நகராட்சி ஆபீஸில் ஜெபராணி மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. உள்ளே அவருடைய டிபன் பாக்ஸ்.

"இதத் தர மாட்டேன்மா. பார்டர் வச்சு எவ்வளவு அழகா இருக்கு! ஏன் எல்லாத்துலயும் வைக்கல?"

"துணி கொஞ்சந்தான் இருந்துச்சு மேடம்."

"என்ன துணி?"

சொன்னேன். உலகம்மா வெட்டினதையும் சொன்னேன். மேடம் டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பையை உதறி, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார். மாற்றுப் பை வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சைச் சாத வாசம்.

ஜூன் 8, வியாழன்

எலுமிச்சைச் சந்தையில் சாமித்துரை கமிஷன் கடையில் ஒன்று இருக்கிறது என்று சீனியம்மாள் துப்புக் கொண்டுவந்தாள். போனேன்.

"அதயா? காலைலயே உலகம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாளேக்கா. கெஞ்சி, ரெண்டு பை குடுத்துல்லா மாத்திட்டுப் போனா."

"எதுக்காம்?"

"எங்கண்ணன் வேட்டின்னா. ஆமா, அவதான் வெட்டுனான்னு நீங்க சொன்னியளாமே? வெட்டு நேரா கோடு போட்ட மாதிரி இருந்துச்சேக்கா. உலகம்மாளுக்கு வெள்ளரிக்காயே நேரா வெட்ட வராது!"

சந்தையில் நாலு பேர் சிரித்தார்கள். சாமித்துரைக்கு வாய் நீளம். கடையில் கூட்டம் வேறு. வந்துவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 10, சனி

சாரல் விழுந்துவிட்டது. தெரு குளிர்ந்து கிடக்கிறது.

மைதீன் பாயின் புரோட்டாக் கடையில் மூன்றாவது பை. போனால் அங்கேயும் அதே கதை.

"நேத்தே வந்துட்டுப் போயிட்டாம்மா உன் நாத்தனா. வெங்காயம் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன், எடுத்துக்கோன்னு சும்மாத்தான் குடுத்தேன். சும்மா வாங்க மாட்டேன்னு உக்காந்து அரை மூட வெங்காயத்த உரிச்சுக் குடுத்துட்டுப் போனா. என் கடைப் பயலுவளுக்கு நேத்து ஈதுப் பெருநாளுதான்."

"எதும் சொன்னாளா பாய்?"

"என்ன சொல்ல? 'எங்க மதினிகிட்டச் சேத்துரணும்'னா."

கடைக்கு வெளியே கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். பாய் குடை கொடுத்தார், வேண்டாம் என்றேன். தலையில் புது மஞ்சப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உலகம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அந்தப் பக்கம் போக வேலை ஒன்றும் இல்லை.

ஜூன் 12, திங்கள்

நாலாவது பை கிடைத்தது. இது கொஞ்சம் பெரிய கதை.

காலையில் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனேன். மினிபஸ் புறப்படத் தயாராக நின்றது. அவர் ஓட்டிய பஸ். ஜன்னலோரம் ஒரு பெண்பிள்ளை மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சிவப்புக் கரை நன்றாகத் தெரிகிறது. நான் தை மாதத்திலிருந்து அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. அதற்கு ஒன்றும் காரணமில்லை, எனக்கு எங்கே போகவேண்டியிருக்கிறது? பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் படியில் ஏறினேன்.

கண்டக்டர் செல்லப்பாண்டி என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். "அத்தை, வாங்க" என்றான். டிக்கெட் கிழிக்கவில்லை. டிரைவர் சீட்டில் யாரோ ஒரு பையன். பரவாயில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறான். வளைவில் மட்டும் பிரேக் அதிகம்.

அந்தப் பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பை எனக்கு வேணும்மா. இதுக்கு ரெண்டு புதுப்பை தாறேன்."

"எதுக்கு?" சந்தேகமாகப் பார்த்தாள். "உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. பைதான் வேணும்."

"இது ஓட்டப் பைக்கா. கவர்மெண்டுல குடுக்கதப் பாத்தீயளா, ஓட்டையோட குடுத்திருக்கானுவ. சீரகம் வாங்குனேன், பாதி கொட்டிப் போச்சு."

"அது ஓட்டை இல்ல" என்றேன். எனக்குச் சுருக்கென்றது.

அது ஓட்டைதான். போன ஆடியில் பூக்குழி இறங்கியபோது ஒரு கங்கு தெறித்து வேட்டியில் விழுந்துவிட்டது. புளியங்கொட்டை அளவுக்குப் பொசுங்கியது. கரையேறி வந்ததும் அதைத்தான் முதலில் என்னிடம் காட்டினார். காலைக் காட்டவில்லை. "பாத்தியா, ஆத்தா கையெழுத்துப் போட்டு விட்டிருக்கா" என்றார். ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றேன். போடவே இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தை மாதமே வந்துவிட்டது.

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பேரம் பேசினேன். கெட்டிக்காரி. இரண்டு பையில் ஆரம்பித்து நாலு பை, அதற்கு மேல் லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்று தைத்துத் தரவேண்டும் என்று முடித்தாள். அளவு பிளவுஸை வெள்ளிக்கிழமை கொண்டுவருவாளாம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் என் மடியில் கொட்டிப் புதுப்பைக்கு மாறின.

"ஓட்டப் பைக்கு இம்புட்டுப் பாடா!" என்று கடைசி வரை ஆச்சரியப்பட்டாள்.

கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழைக்காற்று நன்றாக இருந்தது.

ஜூன் 13, செவ்வாய்

உண்மையை எழுதிவிடுகிறேன்.

வேட்டியை வெட்டியது நான்.

கட்டிலில் காயப்போடவில்லை. நாலு பை குறைந்தபோது உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து நானே எடுத்தேன். நானே மடித்து, நானே வெட்டினேன். நாலு கீறு. உலகம்மா மடியில் போட்டேன். கரையைப் பார்த்ததும் அவள் "மதினி" என்றாள். "தைட்டி" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. பிறகு காலால் ஒரு மணையை இந்தப் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டும் உள்ள கொடியில கெடக்கு. தொவைக்கல. எடுத்துட்டுப் போங்க."

நான் என்னுடைய இரண்டையும் அவளுடைய பீடித் தட்டின் மேல் வைத்தேன்.

"உலகு, வெட்டுனது நான்."

"தெரியும்."

"நீ வெட்டுனன்னு தெருவுல வச்சுச் சொன்னேன்."

"அதுவும் தெரியும். நானும் அங்கனதான நின்னேன்."

தகடை வைத்து இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். நான் பேசினேன். பெட்டியைத் தினம் திறந்து அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. நான் வெட்டினேன் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அப்புறம் நான் என்ன பொம்பளை?

உலகம்மா இலையைக் கீழே வைத்தாள்.

"அது உங்க புருசன் வேட்டி மட்டுமா மதினி? ஒவ்வொரு ஆடிக்கும் மஞ்சத்தண்ணியில முக்கிக் காயவச்சுக் குடுத்தது யாரு? நான்லா? கையெல்லாம் பத்து நாளைக்கு மஞ்சளாக் கெடக்கும். வெட்டப் போறேன் உலகுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாது? தைன்னு மடியில போடுதீய!"

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை நாளும் அந்த வேட்டியில் நானும் அவரும்தான் இருந்தோம்.

"தப்புத்தான். திட்டுட்டி."

"திட்டத் தெரிஞ்சா அன்னைக்கே திட்டியிருப்பேன்." மூக்கைச் சேலையில் துடைத்தாள். "உள்ளதச் சொல்லிரலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீங்க அழ ஆரம்பிச்சிட்டீய. அஞ்சாறு மாசத்துல இன்னைக்குத்தான் அழுதாவ, கெடுக்க வேண்டாம்னு வந்துட்டேன்."

மறுபடியும் தகடை எடுத்து ஒரு இலையை வெட்டினாள்.

"பாய் கடையில அரை மூட வெங்காயம் உரிச்சேன், தெரியுமா?"

"சொன்னாரு."

"கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணியா ஊத்துது. பாய் பக்கத்துல வந்து, 'அண்ணன நெனச்சு அழாதம்மா, எல்லாம் மேல இருக்கவன் செயலு'ங்காரு. நான் வெங்காயம் பாய்ங்கேன். அவரு நம்பவே மாட்டேங்காரு. ரெண்டு புரோட்டா கட்டிக் குடுத்துட்டாரு, சால்னாவோட!"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே போய் அவளுடைய இரண்டு பையையும் கொண்டுவந்தாள். நாலையும் தட்டில் வரிசையாக விரித்தோம். கரையோடு கரை சேர்த்து வைத்தால் வேட்டி மாதிரித்தான் இருந்தது. பிரித்துத் திரும்பவும் ஒன்றாகத் தைத்துவிடலாமா என்றேன்.

"நாலு ஒட்டு வேட்டிய யாரு கட்ட? பையாவே இருக்கட்டும். ஆளுக்கு ரெண்டு." கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். "இந்த ஓட்ட போட்டது எனக்கு."

நான் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அதற்காகத்தானே அந்த பஸ்ஸில் ஏறினேன்.

"வேற எடுட்டி. அதுக்கு ஒரு பிளவுஸ் தச்சுக் குடுக்கணும் நான்."

"தெருவுல ஏச்சு வாங்குனது நான்."

கொடுத்துவிட்டேன்.

ஜூன் 14, புதன்

காலையில் உலகம்மா வந்து பிளவுஸ் லைனிங்குக்குத் துணி எடுக்கலாம் வாங்க என்று கூப்பிட்டாள். போகிற வழியில் ரேஷன் கடையில் பருப்புப் போடுவதைப் பார்த்து வரிசையில் நின்றுவிட்டோம். துவரம்பருப்பு. நான் என் பையில் வாங்கினேன், அவள் அவள் பையில் வாங்கினாள்.

பத்தடி வந்திருப்போம். பின்னால் இரண்டு கோழி வருகிறது. திரும்பிப் பார்த்தால் ரேஷன் கடையிலிருந்து எங்கள் காலடி வரைக்கும் ஒன்றொன்றாகப் பருப்பு.

"சவம், கொட்டுது மதினி! இன்னைக்கே ஒரு ஒட்டுப் போட்டுக் குடுத்துருங்க."

"ஒட்டு வேண்டாம்ட்டி."

"பருப்புப் போகுதுல்லா?"

"போகட்டும்."

என் முகத்தைப் பார்த்தாள். பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பொசுங்கின இடத்தில் ஒரு விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் லைனிங் பார்க்கும்போதும் விரலை எடுக்கவில்லை. ஒற்றைக் கையாலேயே துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். வீடு வரைக்கும் அப்படியேதான் வந்தாள்.